பூங்காவுக்கு அடியில் ஒன்பது கோடி கன மீட்டர் குப்பை

தென்கொரியத் தலைநகர் சியோலின் மேற்கு ஓரத்தில், மாப்போ மாவட்டத்தில், ஹான் நதிக் கரையை ஒட்டி, உச்சி தட்டையான இரண்டு குன்றுகள் உள்ளன. இரண்டும் நூறு மீட்டருக்குச் சற்றே குறைந்த உயரம். ஒன்று ஹானுல் பூங்கா; கொரிய மொழியில் ஹானுல் என்றால் வானம். மற்றது நோஉல் பூங்கா, அதாவது அந்திச் சிவப்புப் பூங்கா. அக்டோபர் மாதத்தில் ஹானுல் உச்சி முழுவதும் ஆளுயரப் புல் வெள்ளையாகப் பூத்து நிற்க, அதைப் பார்க்க நகரமே திரண்டு வருகிறது. அந்தக் குன்றுகள் மண்ணாலோ பாறையாலோ ஆனவை அல்ல. 1978 முதல் 1993 வரை சியோல் மக்கள் வெளியே கொட்டிய குப்பை அது. அளவு ஏறத்தாழ 9.2 கோடி கன மீட்டர்.

குப்பை கொட்டத் தொடங்குவதற்கு முன் இந்த இடம் நன்ஜிடோ என்ற ஆற்றுத் தீவு. நிலக்கடலை விளைந்த தாழ்நிலம். பூக்களுக்கும் பறவைகளுக்கும் பேர் போனது. 1960-ல் சியோலின் மக்கள்தொகை 25 லட்சத்தை எட்டவில்லை. 1980-ல் 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வேலை தேடி வந்தவர்களுக்கு வீடு கட்ட இடம் தேடிய நகரம், அவர்களின் குப்பைக்கும் இடம் தேட வேண்டியிருந்தது. மையத்துக்கு அருகில், ஆற்றின் ஓரமாக, அதிக ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்த தீவு கண்ணில் பட்டது. வெள்ளத்தைத் தடுக்க முதலில் கரை எழுப்பினார்கள். பிறகு லாரிகள் வந்தன.

அந்தக் காலத்துச் சியோல் குப்பையில் சாம்பல் அதிகம். குளிர்காலத்தில் தரையைச் சூடாக்கும் கொரிய வீடுகளில் துளையிட்ட நிலக்கரி உருளைகளை எரிப்பார்கள். எரிந்து முடிந்த உருளைகள் நாள்தோறும் தெருவுக்கு வரும். அவற்றோடு உணவுக் கழிவு, கட்டட இடிபாடு, தொழிற்சாலைக் கழிவு, பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நன்ஜிடோவுக்குப் போயின. பிரிப்பது என்ற பேச்சே இல்லை. அடியில் களிமண் படுகையோ பிளாஸ்டிக் விரிப்போ போடவில்லை. கரை மட்டத்துக்கு நிரப்பினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மாற்று இடம் தயாராகாததால் குவியல் மேலே மேலே போனது. இறுதியில் அது இரட்டை மலையாக நின்றது.

அந்த மலையில் மனிதர்களும் வாழ்ந்தார்கள். விற்கக் கூடிய பொருளைக் குப்பையிலிருந்து பொறுக்கிப் பிழைத்த குடும்பங்களின் குடியிருப்பு ஒன்று அங்கேயே உருவானது. யார் எந்த லாரியில் முதலில் கை வைக்கலாம் என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. முதல் வரிசைக்கு உரிமை பெறப் பணம் கொடுக்க வேண்டும். பணமில்லாதவர்கள் முதல் வரிசையினர் விட்டுப்போனதை இரண்டாவதாகக் கிளற வேண்டும். கொரிய எழுத்தாளர் ஹ்வாங் சோக்-யோங் 2011-ல் வெளியிட்ட நாவல் ஒன்றின் களம் இந்த இடத்தை ஒத்த குப்பைத் தீவுதான். முறையான மறுசுழற்சி எதுவும் இல்லாத காலத்தில் சியோலின் மறுசுழற்சித் துறை என்று சொல்லத்தக்கவை இந்தக் குடும்பங்களே. கிடங்கு மூடியதும் குடியிருப்பும் கலைந்தது.

1992-ல் இஞ்சியோன் நகரத்துக் கடலோரத்தில் தலைநகரப் பகுதி முழுவதற்குமான புதிய குப்பைக் கிடங்கு திறந்தது. 1993 மார்ச் மாதத்தில் நன்ஜிடோவுக்கு வரும் லாரிகள் நின்றன.

மூடிய பிறகும் ஓயாத கிடங்கு

குப்பை கொட்டுவதை நிறுத்திவிட்டால் கிடங்கு ஓய்ந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். நடப்பது வேறு. காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் உணவையும் காகிதத்தையும் மரத்தையும் சிதைத்துக்கொண்டே இருக்கும். அப்போது வெளிவரும் வாயுவில் ஏறத்தாழ பாதி மீத்தேன். மீதியில் பெரும்பங்கு கரியமில வாயு. மீத்தேன் தீப்பற்றும். நன்ஜிடோவில் கிடங்கு இயங்கிய காலத்தில் தீ விபத்துகளுக்குக் குறைவில்லை. ஆழத்தில் பிடித்த தீயை மேலே தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது.

அடுத்தது கசிவுநீர். மழைநீர் குப்பைக்குள் இறங்கி, அம்மோனியா, உப்பு, கன உலோகம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு கருப்பாக அடியில் வெளியேறும். நன்ஜிடோவின் அடியில் தடுப்பு எதுவும் இல்லை. பக்கத்திலோ ஹான் நதி. மூன்றாவது சிக்கல், குவியல் அமுங்குவது. உள்ளே மக்க மக்க மேற்பரப்பு இறங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறங்காது என்பதால் கட்டடம் கட்டினால் விரிசல் விடும். சரிவு செங்குத்தாக இருந்தால் மலையே சரியலாம். கொழும்பு அருகே மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆகவே பூங்காவுக்கு முன்னால் நன்ஜிடோவுக்குப் பொறியாளர்கள் தேவைப்பட்டார்கள். 1996-ல் தொடங்கிய நிலைப்படுத்தும் பணி 2002 உலகக் கோப்பைக் கால்பந்து வரை நீண்டது. குன்றுகளைச் சுற்றி ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடிச் சுவர் ஒன்றைப் பாறை தொடும் ஆழம் வரை இறக்கினார்கள். அடியில் தளம் போட முடியாத இடத்தில் பக்கங்களை அடைப்பதுதான் வழி. சுவருக்கு உட்புறம் தேங்கும் கசிவுநீரைக் கிணறுகளிலிருந்து இறைத்துச் சுத்திகரிக்கிறார்கள். உச்சியில் நீர் இறங்காத விரிப்பு, வடிகால் அடுக்கு, அதற்கு மேல் மண் என்று போர்த்தி, மழைநீர் உள்ளே போகாமல் செய்தார்கள். மீத்தேனுக்காக 106 கிணறுகள் தோண்டிக் குழாய் இணைத்தார்கள். அந்த வாயு கொதிகலனில் எரிந்து, அருகிலுள்ள உலகக் கோப்பை மைதானத்துக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வெந்நீராகப் போனது. பத்தாண்டுகள் கழியக் கழிய வாயுவின் அளவு குறைகிறது. அது நல்ல அறிகுறி. ஆனால் அதை நம்பிச் சூடேற்றியவர்கள் வேறு எரிபொருளும் தேட வேண்டியிருக்கிறது.

பூங்காவில் நடப்பவர் கண்ணில் இதெல்லாம் படாது. புல்வெளி ஓரம் துருத்திக்கொண்டு நிற்கும் குழாய்த் தலைகளைக் கவனிப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் புரியும். பழைய கிடங்கின் மேல் பூங்கா என்றால் மேலே நட்ட மரம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது பல பத்தாண்டுகள் ஆள் வைத்து ஓட்ட வேண்டிய ஓர் ஆலை. மரம் அதன் மேல்மூடி. பராமரிப்புச் செலவைத் திட்டத்தில் சேர்க்காத நகரங்களில் பூங்கா திறப்பு விழாக் கல்வெட்டோடு நின்றுபோகும்.

புல்லும் தவளையும் கோல்ஃப் மைதானமும்

2002 மே 1 அன்று, கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்திய உலகக் கோப்பை தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது, உலகக் கோப்பைப் பூங்கா திறந்தது. இரு குன்றுகளோடு, அடிவாரத்தில் ஓர் அமைதிப் பூங்கா, ஓர் ஓடைப் பூங்கா, ஆற்றங்கரைப் பூங்கா என ஐந்து சேர்ந்ததுதான் அது. புது மைதானம் கட்ட நகரம் இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்ததால், ஒதுக்கி வைத்திருந்த கிடங்கு உலகத்தின் பார்வையில் விழும் இடமாகிவிட்டது. அந்த அவசரம் இல்லாமலிருந்தால் இவ்வளவு வேகமாக வேலை நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஹானுல் பூங்காவுக்கு ஏற 291 படிகள், குன்றின் முகப்பில் வளைந்து வளைந்து போகின்றன. உச்சியில் பெரிய மரங்கள் அதிகம் இல்லை. போர்த்திய மண் ஆழம் குறைவு, வளமும் குறைவு. ஆழ வேர் விட்டால் கீழே உள்ள விரிப்புக்கு ஆபத்து. அதனால் அங்கே நட்டது நாணலின் உறவான ஒரு புல்வகை. கொரியர்கள் இதை ஒக்ஸே என்கிறார்கள். குறையாகத் தொடங்கியதே பூங்காவின் பெருமையாகிவிட்டது. அக்டோபரில் ஒக்ஸே விழாவின்போது மட்டும் இரவிலும் பூங்காவைத் திறந்து வைக்கிறார்கள். சரிவுகளில் ரொபினியா என்ற வெளிநாட்டு மரம் தானாகவே முளைத்துப் பரவியிருந்தது. அந்த ஒற்றை இனத்தை மாற்றி நாட்டு மரங்களைக் கொண்டுவரத் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் விதை போட்டும் கன்று நட்டும் வருகிறார்கள்.

மங்கோங்கி என்ற குண்டுத் தவளைக்கு இங்கே தனி இடம் உண்டு. மழைக்காலத்தில் மட்டும் வெளியே வந்து கத்தும், கொரியாவில் அருகிவரும் இனமாகப் பாதுகாக்கப்படும் தவளை அது. குன்றின் மேல் தேங்கும் சிறு குட்டைகளில் அது முட்டையிடத் தொடங்கியது. படி ஏற முடியாதவர்களை மேலே அழைத்துப் போகும் மின்வண்டிக்கும் இன்று அந்தத் தவளையின் பெயர்தான்.

நோஉல் குன்றின் வரலாறு இவ்வளவு இனிமையானதல்ல. அதன் உச்சியில் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் அமைத்தார்கள். பொதுப் பணத்தில் மீட்ட நிலத்தைக் கட்டணம் கட்டி விளையாடும் சிலருக்குக் கொடுப்பதா என்று குடிமக்கள் அமைப்புகள் எதிர்த்தன. கட்டண அளவிலும் நிர்வாக உரிமையிலும் மாநகராட்சிக்கும் மைதானத்தைக் கட்டிய அமைப்புக்கும் இடையே வழக்கு இழுத்தது. 2008-ல் கோல்ஃப் போய், எல்லோருக்குமான பூங்காவானது. இப்போது அங்கே குடும்பங்கள் கூடாரமடித்துத் தங்குகின்றன. மீட்ட நிலம் யாருடையது என்ற கேள்வி நன்ஜிடோவில் மட்டும் எழுவதில்லை. குப்பை நாற்றம் போனதும் சுற்றியுள்ள மனை விலை ஏறும். நாற்றத்தைச் சகித்தவர்களுக்கு வாடகை கட்டுபடியாகாமல் போகும்.

பழைய கிடங்கை மீட்கச் சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் எடுத்திருக்கும் வழி வேறு. அங்கே குப்பையைப் போர்த்தி மூடுவதில்லை, தோண்டி எடுக்கிறார்கள். பயோமைனிங் என்ற இந்த முறையில், பழைய குப்பையைக் கிளறிக் காயவைத்துச் சல்லடையில் சலிக்கிறார்கள். மண் போன்ற பொடி ஒருபுறம், கல்லும் இடிபாடும் ஒருபுறம், பிளாஸ்டிக்கும் துணியும் ஒருபுறம். எரியக் கூடியவை சிமெண்ட் ஆலைகளுக்குப் போகின்றன. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள் இருப்பதால் இது பொருத்தமான தேர்வு. குப்பையை அங்கேயே மூடி வைத்தால் கசிவுநீர் சதுப்பில்தான் இறங்கும். சதுப்பு நிலத்தைச் சுற்றி பாறை வரை சுவர் எழுப்புவதும் நடக்காத காரியம். சிக்கல் என்னவென்றால், சலித்த பிளாஸ்டிக் அழுக்கும் ஈரமும் மண்ணுமாக இருக்கும். அதை வாங்க ஆலைகள் எப்போதும் ஆவலாக இருப்பதில்லை. ஒரு பக்கம் பழையதைத் தோண்டும்போது மறுபக்கம் புதியதைக் கொட்டினால் வேலைக்கு முடிவும் இல்லை.

நியூயார்க் சொல்லும் மறுபக்கம்

அந்த முடிவில்லாமையை வேறு விதமாகச் சமாளித்த நகரம் நியூயார்க். ஸ்டாட்டன் தீவில் 1948-ல் திறந்த ஃபிரெஷ் கில்ஸ் கிடங்கு ஒரு காலத்தில் உலகிலேயே பெரியது; பரப்பு 2,200 ஏக்கர். 2001 மார்ச்சில் மூடினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் இரட்டைக் கோபுர இடிபாடுகளைக் கொண்டுவந்து ஆராய மீண்டும் திறந்தார்கள். ஜேம்ஸ் கார்னரின் நிலவடிவமைப்பு நிறுவனம் வகுத்த திட்டப்படி அங்கே பூங்கா எழும்புகிறது. வடக்குப் பகுதியின் முதல் கட்டம் 2023 அக்டோபரில் திறந்தது. முழுவதும் முடிய 2036 ஆகும் என்பது திட்டம். புல்வெளிப் பறவைகள் திரும்பி வந்து கூடு கட்டுகின்றன.

பூங்கா சிறப்பானதுதான். ஆனால் நியூயார்க்கின் குப்பை எங்கே போனது? ரயிலிலும் லாரியிலும் ஏறிப் பிற மாநிலங்களின் கிடங்குகளுக்குப் போனது. ஸ்டாட்டன் தீவுக்காரர்களின் மூக்குக்கு விடுதலை கிடைத்தது. பென்சில்வேனியாவிலும் வர்ஜீனியாவிலும் குன்றுகள் வளர்ந்தன.

பை வாங்கினால்தான் குப்பை

சியோல் கதையில் உண்மையாகவே கற்க வேண்டியது குன்றின் மேல் இல்லை, மளிகைக் கடையில் இருக்கிறது. 1995 ஜனவரி 1 முதல் கொரியா முழுவதும் வீட்டுக் குப்பையை அரசு குறிப்பிட்ட பையில் மட்டுமே போட முடியும். அதற்கு முன் சொத்து வரியையும் வீட்டுப் பரப்பையும் வைத்துக் குப்பைக் கட்டணம் வாங்கினார்கள். எவ்வளவு கொட்டினாலும் தொகை ஒன்றே என்பதால் குறைக்க யாருக்கும் காரணமில்லை. புதிய முறையில் கட்டணம் பையின் விலையிலேயே அடங்கிவிட்டது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனிப் பை. சியோலில் 20 லிட்டர் பை ஏறத்தாழ 500 வோன். பிரித்து வைத்த காகிதம், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக்கை எடுத்துப் போகக் கட்டணம் கிடையாது. சாதாரணப் பையில் குப்பையைக் கட்டித் தெருவில் வைத்தால் அபராதம்.

விளைவு உடனே தெரிந்தது. 1994-ல் ஆளுக்கு நாளொன்றுக்கு 1.3 கிலோவாக இருந்த குப்பை, அடுத்த ஆண்டே 1.1 கிலோ அளவுக்கு இறங்கியது. 1994-ல் நகரக் குப்பையில் ஐந்தில் நான்கு பங்கு மண்ணுக்குள் போனது. பின்னாளில் பாதிக்கு மேல் மறுசுழற்சிக்குத் திரும்பியது. முழுப் புகழையும் பைக்கே கொடுத்துவிட முடியாது. அதே காலத்தில் வீடுகள் நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கு மாறிக்கொண்டிருந்ததால் சாம்பலும் குறைந்தது. பணம் கட்ட மனமில்லாமல் பொது இடத்தில் கொட்டியவர்களும் உண்டு. இருந்தாலும், குப்பைக்கு ஒரு விலை இருக்கிறது என்பது ஒவ்வொரு சமையலறைக்கும் தெரிந்துவிட்டது.

உணவுக் கழிவுதான் அடுத்த இலக்கு. கொரியச் சாப்பாட்டில் சோற்றோடு பல சிறு கிண்ணங்களில் பக்க உணவுகள் வரும். மிச்சமும் அதற்கேற்ப இருக்கும். ஈரமான இந்த மிச்சமே கிடங்கில் மீத்தேனுக்கும் கசிவுநீருக்கும் மூலகாரணம். 2005 முதல் உணவுக் கழிவை நேரடியாகப் புதைக்கத் தடை வந்தது. 2013 வாக்கில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எடை பார்க்கும் தொட்டிகள் பரவின. வீட்டு அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். கழிவைக் கொட்டியதும் எடை திரையில் தெரியும். அதற்கான தொகை மாதக் கணக்கில் சேரும். இதனால் நீரை வடித்துவிட்டுக் கொட்டும் பழக்கம் தானாகவே வந்தது. இன்று கொரியாவின் உணவுக் கழிவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உரமாகவோ தீவனமாகவோ உயிர்வாயுவாகவோ மாறுகிறது. உப்பும் மிளகாயும் ஏறிய உணவில் செய்த உரத்தை விவசாயிகள் விரும்பி வாங்குவதில்லை என்பதும் உண்மை.

பிளாஸ்டிக்கில் பாடம் கசப்பாக இருந்தது. 2018-ல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும், விலை விழுந்து, சியோல் அடுக்குமாடிகளில் பிளாஸ்டிக்கை எடுக்க மறுசுழற்சி நிறுவனங்கள் மறுத்தன. முற்றங்களில் மூட்டைகள் குவிந்தன. கவனமாகப் பிரித்து வைப்பது மட்டும் போதாது. வாங்க ஆள் வேண்டும், அதற்கும் முன்னால் குறைவாகத் தயாரிக்க வேண்டும் என்பது அப்போது அரசுக்கு உறைத்தது. அந்த ஆகஸ்டில் காபிக் கடைகளுக்குள் உட்கார்ந்து குடிப்பவர்களுக்குப் பிளாஸ்டிக் குவளை தருவதற்கும், 2019-ல் பெரிய அங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்கும் தடை வந்தது.

மறுபடியும் மாப்போ

நன்ஜிடோ மூடியபோது குப்பை போன இஞ்சியோன் கிடங்கை 2016 இறுதியில் மூடுவதாகப் பேச்சு. 2015-ல் மத்திய அரசும் சியோல், இஞ்சியோன், அவற்றைச் சூழ்ந்த கியோங்கி மாகாணம் ஆகியவற்றின் நிர்வாகங்களும் உடன்பட்டு அதை நீட்டின. சியோலின் குப்பையை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று இஞ்சியோன் மக்கள் கேட்பது நியாயமே. தலைநகரப் பகுதியில் வீட்டுக் குப்பையை எரிக்காமல் அப்படியே புதைப்பதற்கு 2026 ஜனவரியிலிருந்து தடை. எரித்த சாம்பலையும் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கழிவையும் மட்டுமே புதைக்கலாம். அப்படியானால் எரிஉலை வேண்டும்.

நாளொன்றுக்கு 1,000 டன் எரிக்கும் புதிய உலைக்குச் சியோல் மாநகராட்சி தேர்ந்தெடுத்த இடம், உலகக் கோப்பைப் பூங்கா இருக்கும் அதே மாப்போ மாவட்டத்தின் சாங்காம் பகுதி. அங்கே 2005 முதல் 750 டன் எரிக்கும் உலை ஒன்று ஏற்கெனவே ஓடுகிறது. புதியது வந்தால் பழையதை மூடிவிடுவோம், புதிய உலையை நிலத்தடியில் அமைத்து மேலே பொழுதுபோக்கு வசதிகள் செய்வோம் என்று மாநகராட்சி சொன்னது. குடியிருப்போர் ஏற்கவில்லை. பதினைந்து ஆண்டு நகரக் குப்பை முழுவதையும் தாங்கிய இடம் இதுதான், மறுபடியும் எங்களுக்கேவா என்பது அவர்கள் வாதம். வழக்குப் போட்டார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்த நடைமுறையில் குறை இருக்கிறது என்று சொல்லி 2025 ஜனவரியில் சியோல் நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. மாநகராட்சி மேல்முறையீட்டுக்குப் போனது. மாப்போ மாவட்ட நிர்வாகம் முன்வைத்த மாற்றுத் திட்டத்தில் புதிய உலை இல்லை: பைகளை எரிப்பதற்கு முன் பிரித்து, மறுசுழற்சிக்கு ஆகும் பொருளை வெளியே எடுத்தால் எரிக்க வேண்டிய அளவே குறையும் என்றது அது.